வேர்களைத் தேடிய ஒளிப்படக் கருவி: கோம்பை எஸ். அன்வரின் படைப்புலகம்

தமிழ்நாட்டில் முஸ்லிமாகப் பிறந்து வளர்ந்த எவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. 'நீங்கள் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!' என்ற பாராட்டாகவும் அது வரும். 'உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?' என்ற ஐயமாகவும் வரும். கேட்பவரிடம் பெரும்பாலும் தீய எண்ணம் இருப்பதில்லை. எனினும் அவ்வினாவின் அடியில், தமிழர் என்பார் ஒரு சாரார், முஸ்லிம்கள் வேறொரு சாரார் என்னும் முன்முடிவு உறைந்து கிடக்கிறது. இதற்கு நம் முன்னோர் மேடைப்பேச்சாலும் நூலாலும் விடை கூறி வந்துள்ளனர். அவ்விடையைக் காட்சியாக்கிக் காட்டியவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ஆவணப்பட இயக்குநரும் ஒளிப்படக் கலைஞரும் எழுத்தாளருமான கோம்பை எஸ். அன்வர். 2013-ஆம் ஆண்டு வெளிவந்த அவரது 'யாதும்' ஆவணப்படத்தை நடுவாகக் கொண்டு அவரது படைப்பு முயற்சிகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பாராட்டோடு நின்றுவிடாமல், அப்படம் நம் முன் வைக்கும் வினாக்களையும், அது நம்மைக் கேட்கத் தூண்டும் வினாக்களையும் சேர்த்தே இங்கு ஆராய விழைகிறோம்.

ஊரும் பின்புலமும்

மதுரைச் சமவெளியிலிருந்து மேற்கே செல்லச் செல்ல நிலம் இருபுறமும் மலைகளால் நெருக்கப்பட்டுக் கம்பம் பள்ளத்தாக்காகக் குறுகுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையத்தை அடுத்து அமைந்திருக்கிறது கோம்பை. இன்று தேனி மாவட்டத்தில் உள்ள இப்பகுதி, 1990-களில் அம்மாவட்டம் உருவாகும் வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மலைக்கு அப்பால் மிளகும் ஏலமும் விளையும் சேரநாடு. இப்பால் நெல்லும் பருத்தியும் விளைந்த பாண்டிநாடு. இரண்டையும் இணைத்த கணவாய்ப் பாதைகளில் பொதிமாடுகளும் வணிகர்களும் சென்று வந்தனர். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளை வீட்டில் பேசும் குடிகள் அக்கம்பக்கமாக வாழும் பகுதி இது. இங்கு ராவுத்தர்கள் நெடுங்காலமாக வேளாண்மையிலும் வணிகத்திலும் ஈடுபட்டு வந்துள்ளனர். 1956-இல் உத்தமபாளையத்தில் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, இப்பகுதி முஸ்லிம்கள் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்ததன் சான்றாக இன்றும் நிற்கிறது.

இப்பின்புலத்தை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் முஸ்லிம் வரலாறு என்றவுடன் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், தொண்டி எனக் கடற்கரை ஊர்களையே எண்ணுவது நமது வழக்கம். அன்வர் தம் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னே ஏந்தி, கடல் காணாத ஒரு மலையடிவாரச் சிற்றூரிலிருந்து தம் தேடலைத் தொடங்கினார். தன் வீட்டு முற்றத்தில் எழுந்த வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டவரின் பயணமாகவே 'யாதும்' அமைகிறது. படத்தின் தலைப்பு புறநானூற்றின் 192-ஆம் பாடலை நினைவூட்டுவது. எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்ட பழந்தமிழ்ப் புலவனின் சொல்லை, 'இது உன் ஊர்தானா?' என்று கேட்கப்படும் ஒரு சமுதாயத்தின் கதைக்குத் தலைப்பாக்கியதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது.

ஒளிப்படம், திரைப்படம், நடை

அன்வரின் பணியை ஆவணப்படம் என்ற ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட இயலாது. தமிழகத்துப் பழம்பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் அவர் பல ஆண்டுகளாகப் படம்பிடித்து வந்துள்ளார். இதழ்களில் கட்டுரைகள் எழுதுகிறார். சென்னைத் திருவல்லிக்கேணியில் ரமளான் மாதத்தில் மரபு நடைகளை நடத்தியும் வந்துள்ளார். இவை தனித்தனி முயற்சிகள் போலத் தோன்றினும், இவற்றை ஊடுருவி நிற்பது ஒரே செயல்தான்: அயலாரின் கையைப் பற்றி அழைத்துச் சென்று, 'இதோ பாருங்கள்' என்று காட்டுதல்.

ரமளான் நடையை எடுத்துக்கொள்வோம். பிற சமயத்து அன்பர்கள் திருவல்லிக்கேணித் தெருக்களின் வழியே அழைத்துச் செல்லப்பட்டு, வாலாஜா பெரிய பள்ளிவாசலைக் காண்கின்றனர். 1795-இல் ஆற்காட்டு நவாபின் குடும்பத்தாரால் கட்டப்பெற்ற அப்பள்ளியின் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர். நோன்பாளிகளுக்கு அங்கு இஃப்தார் உணவு படைப்பவர்கள், பல்லாண்டுகளாக, பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்து குடியேறிய சிந்தி சமூகத்து அன்பர்கள். இவற்றைக் கட்டுரையில் வாசிப்பது ஒன்று. பாங்கொலி எழும் வேளையில் அதே முற்றத்தில் அமர்ந்து, ஒரு சிந்திப் பெரியவர் நீட்டும் நோன்புக் கஞ்சியைப் பெறுவது வேறொன்று. நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசாமல், அது நிகழும் இடத்துக்கே ஆளை அழைத்துச் செல்லும் கலை இது. ஒருவகையில் இந்த நடையும் ஓர் ஆவணப்படமே.

மிளகும் குதிரையும் கல்லும் ஏடும்

'யாதும்' மேற்கொள்ளும் பயணம் கோம்பையிலிருந்து மிளகு நாடான கேரளம், சோழவள நாடு, பாண்டியர் தலைநகரான மதுரை, சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்கள் எனப் பரந்து செல்கிறது. படம் நிறுவ விழைவது ஒரு தெளிவான கருத்தை: தமிழகத்துக்கும் மேற்காசியாவுக்கும் இடையிலான கடல் வணிகம் இஸ்லாத்துக்கு முற்பட்டது, அரபு நாட்டில் புதிய மார்க்கம் தோன்றியபோது, அது ஏற்கெனவே பழகிய கடல்வழியே பழகிய மனிதர்களோடு இங்கு வந்து சேர்ந்தது, ஏற்றுக்கொண்ட மக்கள் தம் மொழியையோ கலையையோ கைவிடவில்லை.

இக்கருத்துக்கு வரலாற்றில் வலுவான சான்றுகள் உள்ளன. திருச்சிராப்பள்ளிக் கோட்டை ரயில் நிலையத்தை அடுத்துள்ள சிறிய கல்லுப்பள்ளியில் ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734, என்று ஆண்டு பொறித்த அரபுக் கல்வெட்டு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் குதிரை வணிகம் கீஷ் தீவைச் சேர்ந்த மலிக் ஜமாலுத்தீன் குடும்பத்தார் கையில் இருந்ததையும், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்திறங்கியதையும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என விலை நிர்ணயிக்கப்பட்டிருந்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசில் அமைச்சராகப் பொறுப்பு வகித்தவர். கீழக்கரையில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஜும்ஆப் பள்ளியில் கல்தூண்களும் போதிகைகளும் திராவிடக் கட்டடக் கலையின் இலக்கணப்படியே அமைந்துள்ளன. உருவங்கள் இருக்கவேண்டிய இடத்தில் மலரும் கொடியும் வடிவியல் கோலங்களும் உள்ளன. அதே தச்சர் மரபு, அதே உளி, தொழுகை வேறு.

ஏட்டுச் சான்றுக்கும் குறைவில்லை. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பழமையானதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572-இல் வண்ணப்பரிமளப் புலவரால் இயற்றப்பெற்று மதுரையிலேயே அரங்கேற்றப்பட்டது. பின்னர் அதே நகரின் காமராசர் பல்கலைக்கழகத்தில்தான் இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனப் பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். நூலகத்தில் உறங்கிக் கிடந்த இத்தகைய அறிவைப் பொதுமக்கள் அமரும் அரங்கத்துக்குக் கொண்டு சேர்த்தமையே அன்வரின் படத்தினுடைய முதற்பெரும் சாதனை என்போம்.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மேற்சொன்ன சான்றுகள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. திருச்சிக் கல்வெட்டு கல்லில் பொறித்த ஆண்டு. கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிக்கு வழங்கப்பெறும் 629-ஆம் ஆண்டோ மரபு தரும் ஆண்டு. ஆய்வாளர் அனைவரும் அதனை ஏற்பதில்லை. அச்சு நூல் அடிக்குறிப்பால் இவ்வேறுபாட்டைச் சுட்டிவிடும். திரைக்கு அடிக்குறிப்பு இல்லை. ஒரே வெளிச்சத்தில், ஒரே அழகோடு, கல்வெட்டும் ஐதிகமும் அடுத்தடுத்துத் தோன்றும்போது பார்வையாளர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிடுவர். நம் பெருமைக்குரிய ஐதிகம் ஒன்றை எதிராளி எளிதில் உடைத்துவிட்டால், அதனருகே நிற்கும் உறுதியான கல்வெட்டும் ஐயத்துக்குள்ளாகும். ஆவணப்பட இயக்குநர்கள் மட்டுமன்றி, மேடையில் நம் வரலாற்றைப் பேசும் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

மதுரை எழுப்பும் கடினமான வினா

கடற்கரையில் நம் கதையைச் சொல்வது எளிது. வணிகனும் ஞானியும் கப்பலில் வந்திறங்கினர் என்று தொடங்கிவிடலாம். மதுரையில் அவ்வளவு எளிதன்று. இங்கு காஜிமார் பெரிய பள்ளிவாசலும், பாண்டிய மன்னன் நிலம் ஈந்தான் எனும் அதன் மரபும் உள்ளன. கோரிப்பாளையம் தர்காவுக்குரிய கொடையை உறுதிப்படுத்திய வீரப்ப நாயக்கர் காலத்து 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உள்ளது. அவற்றோடு 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பும், 1335 அளவில் தொடங்கி 1378 அளவில் முடிந்த மதுரை சுல்தானகமும் இதே மண்ணில்தான் நிகழ்ந்தன.

'இஸ்லாம் வாளால் வரவில்லை' என்ற உண்மையை நிறுவ விழையும் நம்மவர் பலர், இந்நாற்பதாண்டுகளை விரைந்து கடந்துவிடுவர். எதிர்த்தரப்பினரோ வேறெதையும் பேசாது இந்நாற்பதாண்டுகளையே தொள்ளாயிரம் ஆண்டுக் கதையாக நீட்டிவிடுவர். இரண்டும் பிழையே. சுல்தான் கியாசுத்தீனின் அரசவைக்கு 1340-களில் வந்த இப்னு பதூதா, அவருக்கு மண உறவினர். இருவரும் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சனின் புதல்வியரை மணந்தவர்கள். அவ்வாறிருந்தும், சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அம்மன்னர் கொல்வித்ததைத் தம் பயண நூலில் மறைக்காமல் எழுதி, அதனைக் கொடுஞ்செயல் என்று கண்டித்தும் இருக்கிறார். உறவையும் சமயத்தையும் கடந்து நீதியின் பக்கம் நின்ற அந்தக் காஜியின் குரல் நம்முடைய மரபு; கியாசுத்தீனின் வாள் அன்று. அதே நூலில், சுல்தானை எதிர்த்த போசள மன்னன் வல்லாளனின் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என்ற குறிப்பும் காணப்படுகிறது. அவர்களை அவர் இழித்துரைத்தாலும், போர் இரு மதங்களுக்கிடையே நடக்கவில்லை, இரு அரசுகளுக்கிடையே நடந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

வணிகக் கப்பலின் கதையைச் சொல்வதில் காட்டிய ஊக்கத்தை நம் கலைஞர்கள் இப்பகுதிக்கும் காட்டுவார்களாயின் நன்று. 2025-இல் திருப்பரங்குன்றம் மலையை முன்வைத்து எழுந்த பூசலைக் கண்ட பின், சிக்கந்தர் பெயர் தாங்கிய தர்காவின் வரலாற்றை அமைதியோடும் முழுமையோடும் சொல்லக்கூடிய ஒரு படம் நம்மிடம் இல்லையே என்ற குறை உறுத்துகிறது. சொல்லாமல் விடப்பட்ட வரலாறு காலியாக இருப்பதில்லை; வேறொருவர் வந்து அதனைத் தம் விருப்பப்படி நிரப்பிவிடுகிறார்.

பழமைதான் உரிமையா?

இனி நாம் எழுப்ப விழையும் அடிப்படை வினாவுக்கு வருவோம். 'நாங்கள் அந்நியர் அல்லர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இங்கிருக்கிறோம்' என்பது வலுவான விடை. ஆனால் அவ்விடை ஓர் எடுகோளை ஒப்புக்கொண்டுவிடுகிறது: மண்ணில் உரிமை என்பது பழமையைக் காட்டிப் பெறவேண்டிய ஒன்று என்பதை. 1981 பிப்ரவரியில் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தை ஏற்றன. அவர்களுக்கு மிளகுக் கப்பல் இல்லை, கல்தூண் பள்ளி இல்லை, செப்பேடு இல்லை. சாதி இழிவினின்று விடுபட வேண்டும் என்ற வேட்கை ஒன்றே அவர்களிடம் இருந்தது. அவர்களுடைய இஸ்லாம் கீழக்கரையின் இஸ்லாத்தைவிடக் குறைந்த தமிழ்த்தன்மை உடையதா? நேற்று கலிமா சொன்னவருக்கும், ஹிஜ்ரி 116-இல் கல் நாட்டியவரின் வழித்தோன்றலுக்கும் இம்மண்ணில் உள்ள உரிமை ஒன்றே என்பதைச் சொல்லாத வரலாறு முழுமையடையாது.

இது நவீன அரசியலாரிடமிருந்து நாம் கடன் வாங்கிய கருத்தன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் பிறப்பாலும் குலத்தாலும் வரும் மேன்மையை மறுத்து, இறையச்சத்தையே அளவுகோலாக வைத்தார்கள். வமிசப் பெருமையைத் தகர்த்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், தம் குடியுரிமையை வமிசப் பழமையால் நிறுவ நேர்ந்திருப்பது காலத்தின் கோலம். அதில் அன்வரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் கேட்கப்பட்ட வினாவுக்குத்தான் விடை சொல்ல முடியும். எனினும் விடை கிடைத்த பின்னர், வினாவே முறையானதுதானா என்று திருப்பிக் கேட்கும் கடமை அடுத்த படைப்பாளிக்கு இருக்கிறது.

இதே நிலையில் மற்றொன்றையும் சிந்திக்கலாம். கப்பல், குதிரை, கல், செப்பேடு என்னும் சான்றுகளின் வழியே நடக்கும் எந்த வரலாறும் இயல்பாகவே ஆண்களின் தடங்களை மட்டுமே காணும். பெண்களின் தடம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சமையற்கட்டிலும் இருக்கிறது. கீழக்கரையில் ஞானப்பாடல்கள் பாடிய ஆசியா உம்மாவையும், 1938-இலேயே 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தையும் காண வேண்டுமாயின், துறைமுகத்திலிருந்து வீட்டுக்குள் செல்லும் வேறொரு வழி வேண்டும்.

மதுரையின் மற்றொரு கருவி

ஒப்பீட்டுக்காக மதுரை தந்த இன்னொரு ஆவணப்பட இயக்குநரை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். ஆர்.பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வந்தவர். 2003-இல் அவர் எடுத்த 'பீ', மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் பெண் தொழிலாளியின் வேலையை முகம் சுளிக்காமல் பின்தொடர்ந்த படம். அன்வர் பயணம் போகிறார். அமுதன் ஒரே இடத்தில் நிற்கிறார். அன்வர் மறக்கப்பட்ட சிறப்பைக் காட்டுகிறார். அமுதன் மறைக்கப்பட்ட இழிவைக் காட்டுகிறார். இருவரும் தேவையானவர்களே. ஆனால் நம் சமுதாயத்துக்கு முதல்வகைப் படம் ஒன்றேனும் கிடைத்திருக்க, இரண்டாம் வகை அரிதாகவே இருக்கிறது. திண்டுக்கல் பேகம்பூரின் தோல் பதனிடும் தொழிலாளி, வளைகுடாவுக்குச் சென்ற கணவனின் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் மனைவி, மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் முதியவர் ஆகியோர் முன் ஒரு கருவி பொறுமையோடு நிற்க வேண்டும். தம் சிறப்பை மட்டும் படமெடுக்கும் சமுதாயம் தன்னைப் பற்றிப் பாதி உண்மையையே அறியும்.

நம் கையால் இடிபடுவது

அன்வரின் நீண்ட ஒளிப்படப் பணியின் முழு மதிப்பு ஒரு துயரமான உண்மையோடு பிணைந்துள்ளது. கல்தூண்களும் தாழ்வாரமும் கொண்ட பழைய பள்ளிவாசல்கள் பல, இடநெருக்கடியின் பெயராலும் புதுமையின் பெயராலும், நம் ஜமாஅத்துகளாலேயே இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயர்ந்த மினாராவும் குவிமாடமும் கொண்ட கான்கிரீட் கட்டடங்கள் எழுந்துள்ளன. தொழுவோர் தொகை பெருகியதால் இடம் தேவைப்படுகிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் பள்ளிவாசல் என்றால் குவிமாடம் இருந்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கல்தூண் 'கோயிலைப் போல் இருக்கிறது' என்று நாமே கூசத் தொடங்கினால், அத்தூண் எந்தத் தமிழ்த்தன்மைக்குச் சான்றாக நின்றதோ அதனை நாமே மறுப்பதாகும். பிறர் நம்மை அந்நியர் என்று சொல்வதற்குத் தேவையான கட்டடத்தை நாமே சந்தா திரட்டிக் கட்டிக்கொடுக்கிறோம்.

ஏடுகளின் நிலையும் இதுவே. அரபுத் தமிழில் எழுதப்பெற்ற கையேடுகள், அரபு எழுத்தில் இருந்த காரணத்தாலேயே, சிதைந்த புனிதத் தாள்களோடு சேர்த்து மரியாதையாக மண்ணில் அடக்கப்பட்டன. மரியாதையால் அழிந்த நூலகம் என்று இதனைச் சொல்லலாம்.

ஆகவே 'யாதும்' கண்டு நெகிழ்ந்து கைதட்டிய நாம் அடுத்துச் செய்யவேண்டியது எளிதானது. ஒவ்வொரு மஹல்லாவிலும் பழைய பள்ளியை இடிப்பதற்கு முன்னர், முத்தவல்லி அதன் எல்லாப் பக்கங்களையும் படமெடுக்கச் செய்யட்டும். தூண்களை அளந்து எழுதட்டும். கல்வெட்டு இருப்பின் படியெடுத்து, வாசிக்கத் தெரிந்த ஆய்வாளரிடம் காட்டட்டும். தூண்களை விற்காமல் புதிய கட்டடத்தின் முன்மண்டபத்திலேனும் நிறுத்தட்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டை அடக்குமுன் ஒருமுறை தமிழறிந்த ஆலிமிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை.

கோம்பையிலிருந்து புறப்பட்ட ஒருவர், 'நாம் யார்?' என்ற வினாவைச் சுமந்து தமிழகமெங்கும் சென்று விடை கொணர்ந்திருக்கிறார். அவ்விடையில் சேர்க்கவேண்டியவையும் திருத்தவேண்டியவையும் உண்டு. அவற்றை மேலே கூறினோம். ஆனால் அவர் காட்டிய தூண்கள் அடுத்த தலைமுறை சென்று காணும்போது அங்கே நின்றிருக்குமா என்பது அவர் கையில் இல்லை. அது நம் ஜமாஅத்துகளின் அடுத்த கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானத்தில் இருக்கிறது.